கேரவன் வண்டிக்கு 2 கேவிஏ ஜெனரேட்டர்: வயரிங், நியூட்ரல், காற்றுத் திசை

டெம்போ டிராவலர் அளவுள்ள வண்டியைப் படுக்கை, சமையல் மேடை, சின்ன பிரிட்ஜ், ஏசி வைத்துக் கேரவனாக மாற்றிய பிறகு, அதற்கு 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டரை இணைத்த வேலையின் பதிவு இது. வண்டி நிற்கப்போகும் இடங்கள் மூன்று விதம். சீசனில் குற்றாலமும் பாபநாசமும்; மற்ற மாதங்களில் உவரி, மணப்பாடு, திருச்செந்தூர் கடற்கரை; சித்திரை வைகாசியில் பாளையங்கோட்டை வெயில். சாரல், உப்புக்காற்றோடு மணல், வெக்கை என்று மூன்றும் ஜெனரேட்டரின் வெவ்வேறு இடத்தில் கைவைக்கும். வயரிங்கையும் இடத்தையும் அதற்கேற்ப முடிவு செய்ய வேண்டும்.

ஏசியை ஜெனரேட்டரோடு நேரடியாக மாட்டி இரவு முழுக்க ஓடவிடும் ஏற்பாடு இதில் கிடையாது. ஜெனரேட்டரின் வேலை பேட்டரியை நிரப்புவது மட்டும். சாயங்காலம் மூன்று மணி நேரம் ஓடும், இரவு 10 மணிக்குள் நிற்கும். ஆள் தூங்கும்போது இன்ஜின் ஓடக் கூடாது. கீழே வரும் எல்லா அளவுகளும் இந்த ஒரு முடிவிலிருந்து வந்தவை.

கணக்கு

0.8 டன் இன்வெர்ட்டர் ஏசி ஆரம்பத்தில் 800 முதல் 900 வாட் இழுக்கும். உள்ளே குளிர்ந்ததும் 300 முதல் 500 வாட்டுக்கு இறங்கிவிடும். கூரைக்கும் பக்கத் தகட்டுக்கும் தெர்மாக்கோல் அல்லது பியூ (பாலியூரித்தேன்) போம் அடித்த வண்டியில், 8 மணி நேர இரவுக்குச் சராசரி 450 வாட் என்று வைத்தால் 3.6 யூனிட். பேட்டரி இன்வெர்ட்டரில் பத்து சதவீதம் வீணாகும். ஆக பேட்டரியிலிருந்து 4 யூனிட் எடுக்க வேண்டும். 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 5.12 யூனிட் இருக்கும். 4 எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் நிற்கும். அதற்குக் கீழே இறக்காதீர்கள். போம் அடிக்காத, பகலெல்லாம் வெயிலில் நின்ற வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஏசி நள்ளிரவுவரை முழு வேகத்தில்தான் ஓடும்.

பேட்டரியை நிரப்ப 25 ஆம்ப் சார்ஜர். 54 வோல்ட்டில் அது 1350 வாட். சார்ஜரின் இழப்பையும் சேர்த்தால் ஜெனரேட்டரிலிருந்து சுமார் 1470 வாட் போகும். 2 கேவிஏ என்று விற்கும் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் தொடர்ந்து தரக்கூடியது 1.8 கேவிஏ அளவுதான். பவர் பேக்டர் (இழுக்கும் விஏவில் வாட்டாக வேலை செய்யும் பங்கு) திருத்தம் உள்ள சார்ஜர் என்றால் இந்தச் சுமை அதற்குள் அடங்கும். திருத்தம் இல்லாத மலிவு சார்ஜரின் பவர் பேக்டர் 0.65 பக்கம் இருக்கும். அதே 1470 வாட்டுக்கு அது 2200 விஏ கேட்கும், ஜெனரேட்டரின் ஓவர்லோடு விளக்கு எரியும். சார்ஜர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இதற்கு மூன்று மணி நேரம் ஆகும். இந்தச் சுமையில் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் பெட்ரோல், ஆக 3 லிட்டர். ஏசியை நேரடியாக ஜெனரேட்டரில் ஓட்டினால் கால் பங்கு சுமையில் மணிக்கு 0.45 லிட்டர், எட்டு மணி நேரத்துக்கு 3.6 லிட்டர். பெட்ரோலில் மிச்சம் அரை லிட்டர் சொச்சம்தான். இந்த ஏற்பாட்டைப் பெட்ரோலுக்காகச் செய்யவில்லை. எட்டு மணி நேரப் புகையும் சத்தமும் மூன்று மணியாகக் குறைகிறது, அந்த மூன்று மணியும் எல்லோரும் விழித்திருக்கும் நேரம். இதற்காகத்தான் செய்கிறோம். ஒலி விதிகளின்படி இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதியில் அந்த நேர வரம்பு 45 டெசிபல். திறந்த பிரேம் ஜெனரேட்டர் எதுவும் அதற்குள் அடங்காது.

மற்ற சுமைகள் பெரிதில்லை. 12 வோல்ட் கம்ப்ரஸர் பிரிட்ஜ் ஒரு நாளுக்கு அரை யூனிட் பக்கம். சட்னி அரைக்கும் மிக்ஸி 750 வாட் என்றாலும் மூன்று நிமிடம்தான். அதன் ஆரம்ப இழுப்பை 3 கேவிஏ பேட்டரி இன்வெர்ட்டர் தாங்கிக்கொள்ளும். இண்டக்ஷன் அடுப்பை மறந்துவிடலாம், கேஸ் போதும்.

வேகம் மாறாத சாதாரண ஏசி ஏற்கெனவே கையில் இருக்கிறது என்றால் அதை வண்டியில் ஏற்றாதீர்கள். ஓடும்போது 5 ஆம்ப் எடுக்கும் 1 டன் கம்ப்ரஸர், கிளம்பும் நொடியில் அதைப்போல் நான்கைந்து மடங்கு இழுக்கும். 2 கேவிஏ மிஷின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். வீட்டு யூபிஎஸ்ஸும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியும் அப்படித்தான். அந்தப் பேட்டரி 15 ஆம்புக்கு மேல் சார்ஜ் ஏற்காது, அதாவது 200 வாட் சொச்சம். அதை நிரப்ப ஜெனரேட்டர் பத்து மணி நேரத்துக்கு மேல் சும்மாவே சுற்ற வேண்டும். கோயில் கொடைகளில் லைட் செட்காரர்கள் கொண்டுவரும் பெரிய மிஷின் குழல் விளக்குக்கும் மைக் செட்டுக்கும் நல்லது; அதன் பிரீக்வன்ஸி சுமை ஏற ஏற இறங்கும், எலெக்ட்ரானிக் சார்ஜர் அதை விரும்பாது. 950 வாட் டூ-ஸ்ட்ரோக் சின்ன மிஷின்களில் சுமை இல்லாதபோது வோல்ட்டேஜ் 260ஐத் தாண்டுவது உண்டு. எல்இடி டிரைவரும் செல்போன் சார்ஜரும் அதில்தான் எரிந்துபோகின்றன.

ஜெனரேட்டரில் "12 வோல்ட் டிசி" என்று ஒரு வாய் இருக்கும். 8 ஆம்ப் சொச்சம் மட்டும் தரும், வோல்ட்டேஜ் கட்டுப்பாடும் கிடையாது. லித்தியம் பேட்டரியை அதில் மாட்டவே கூடாது.

வயர் பாதை

வண்டியின் பக்கச் சுவரில் வெளியிலிருந்து கரண்ட் வர ஒரே ஒரு வாய்: நீல நிற 16 ஆம்ப், மூன்று பின் இண்டஸ்ட்ரியல் இன்லெட், மூடி போட்டது. வீட்டு வாசலில் நிற்கும்போது ஈபி கரண்டும் அதில்தான், வெளியூரில் ஜெனரேட்டரும் அதில்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே செருக முடியும் என்பதால் சேஞ்ச் ஓவர் ஸ்விட்சே தேவைப்படவில்லை. உள்ளே இன்லெட்டிலிருந்து பேட்டரி இன்வெர்ட்டர்-சார்ஜருக்கு, அதன் அவுட்புட்டிலிருந்து 25 ஆம்ப், 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபிக்கு (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் துண்டித்து விழும் ஸ்விட்ச்), அங்கிருந்து ஏசிக்கு 10 ஆம்ப், பிளக் பாயிண்டுக்கு 10 ஆம்ப் என்று தனித்தனி எம்சிபி (அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் விழும் ஸ்விட்ச்). ஆர்சிசிபியில் 'ஏ' டைப் கேட்டு வாங்குங்கள். 'ஏசி' என்று குறித்த இன்னொரு டைப், எலெக்ட்ரானிக் சாமான்களிலிருந்து கசியும் துண்டுபட்ட கரண்டைச் சரியாக உணராது.

வெளி வயர் 15 மீட்டர். கடையில் "ஜெனரேட்டருக்கு வயர்" என்று பொதுவாகக் கேட்டால் இரண்டு கோர், 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதில் எர்த் கம்பியே இருக்காது. "அண்ணாச்சி, மூணு கோர், ரெண்டரை ஸ்கொயர், காப்பர் பிளெக்ஸிபிள், பதினஞ்சு மீட்டர்" என்று முழுதாகக் கேட்க வேண்டும். வோல்ட்டேஜ் இறக்கத்துக்காக இந்தத் தடிமன் அல்ல. 15 மீட்டர் 2.5 ஸ்கொயரில் போய்வரும் தூரத்துக்கு 0.24 ஓம்; 6.4 ஆம்புக்கு ஒன்றரை வோல்ட்தான் இறங்கும். தரையில் கிடந்து மிதிபட்டு, அடுத்த வண்டியின் டயர் ஏறி, சாரலில் நனைந்து கிடக்கும் வயருக்கு அந்த உடல் வேண்டும் என்பதே காரணம். ரப்பர் உறை கிடைத்தால் இன்னும் நல்லது. ஒன்று: வயரைச் சுருளிலிருந்து முழுதும் அவிழ்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். சுருட்டிய நிலையில் மூன்று மணி நேரம் சுமை ஓடினால் நடுச் சுற்று சூடேறி உறை இளகும்.

வண்டிக்குள் ஓடும் வயரெல்லாம் பல இழை பிளெக்ஸிபிள்தான். வீட்டுக்கு இழுக்கும் ஒற்றைக் கம்பி, குலுக்கலில் ஸ்க்ரூ பக்கத்தில் முறியும். ஒவ்வொரு முனையிலும் லக் அல்லது பெரூல் வைத்துக் கிரிம்ப் பண்ணவும். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் கிராமெட் கட்டாயம். வண்டியின் பாடியை எர்த் பஸ்பாரோடு 6 ஸ்கொயர் பச்சை வயரால் கட்ட வேண்டும். பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் தகட்டில் ரிங் லக்கும் பல் வாஷரும் வைத்து முறுக்கி, மேலே வாஸ்லைன் தடவவும். கடற்கரைக்குப் போகும் வண்டியில் வாஸ்லைன் இல்லாவிட்டால் ஒரு சீசனில் அந்த இணைப்பு துருவாகிவிடும்.

நியூட்ரல் எங்கே எர்த்தைத் தொட வேண்டும்

ஈபி கரண்டில் நியூட்ரல், டிரான்ஸ்பார்மர் அடியிலேயே பூமியோடு சேர்ந்திருக்கிறது. அதனால்தான் பேஸ் கம்பி பாடியைத் தொட்டால் கரண்ட் திரும்பிப் போக வழி கிடைத்து ஆர்சிசிபி விழுகிறது. கையில் தூக்கும் இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் பெரும்பாலும் அந்தச் சேர்க்கை இல்லை. பேஸ், நியூட்ரல் இரண்டும் அந்தரத்தில் நிற்கும். பேஸ் வண்டிப் பாடியைத் தொட்டாலும் எதுவும் விழாது, எதுவும் தெரியாது. ஈர மண்ணில் கிடக்கும் வெளி வயரில் நியூட்ரலும் எங்காவது உரிந்து தரையைத் தொட்டிருந்தால், அப்புறம் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் நிற்பவர்தான் கரண்டுக்கு வழி.

ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை நம்பிப் பலர் ஏமாறுவது இங்கேதான். அந்தப் பட்டன் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே உள்ளுக்குள் ஒரு ரெசிஸ்டரை இணைக்கிறது, அவ்வளவே. எர்த்தை அது தொடுவதே இல்லை. நியூட்ரல் அந்தரத்தில் நின்றாலும் பட்டனை அமுக்கினால் "டக்" என்று விழும். பட்டன் வேலை செய்வதால் பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்ல முடியாது.

முதலில் உங்கள் ஜெனரேட்டர் எந்த வகை என்று பாருங்கள். இன்ஜினை நிறுத்தி, மல்டிமீட்டரை ஓமில் வைத்து, சாக்கெட்டின் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பார்க்கவும். சுழி (பூஜ்யம்) காட்டினால் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது, எதுவும் செய்ய வேண்டாம். இணைப்பே இல்லை என்று காட்டினால் இன்ஜினை ஓட்டி வோல்ட்டேஜ் பார்க்கவும். பேஸ்-எர்த் 115 பக்கம், நியூட்ரல்-எர்த் 115 பக்கம் என்று காட்டும். பார்த்ததும் பயப்பட வேண்டாம்; அது பில்டர் கண்டென்சர் வழியாக வரும் வெறும் நிழல் வோல்ட்டேஜ். ஆனால் காயிலின் நடுமுனையையே பாடியோடு கட்டிய மிஷின்களும் உண்டு, அவையும் அதே 115 தான் காட்டும். பிரித்தறிய ஒரு 15 வாட் இழை பல்பு போதும். ஜீரோ வாட் என்று விற்கும் பழைய இரவு பல்பே 12 முதல் 15 வாட் எடுப்பதுதான். ஹோல்டரில் மாட்டி பேஸுக்கும் எர்த்துக்கும் பிடியுங்கள். எரியாவிட்டால் அந்தர நியூட்ரல், சேர்க்கலாம். மங்கலாக எரிந்தால் நடுமுனை கட்டிய மிஷின். அதில் நியூட்ரலை எர்த்தோடு சேர்த்தால் பாதிக் காயில் ஷார்ட் ஆகி எரிந்துபோகும். அந்த மிஷினை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

சேர்க்கும் இடம் ஜெனரேட்டர் பக்கம் மட்டும். வண்டிக்குள் சேர்த்துவிட்டால், வீட்டு வாசலில் ஈபியைச் செருகும்போது நியூட்ரல் கரண்ட் வண்டிப் பாடி வழியாக வீட்டு எர்த்துக்கு ஓடும், வீட்டு ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கும். அதைவிட மோசம், சில வீடுகளில் சாக்கெட்டில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கும். அப்படிப்பட்ட சாக்கெட்டில் சேர்க்கை உள்ள பிளக்கைச் செருகினால் பேஸ் நேராக வண்டிப் பாடிக்கு வந்துவிடும். அதனால் நீண்ட வயரின் பிளக்குக்குள்ளும் சேர்க்கக் கூடாது, யாராவது ஒரு நாள் அதை வீட்டில் செருகுவார்கள்.

இந்த வேலையில் செய்தது இப்படி. தண்ணீர் புகாத சின்னப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. அதற்குள் வருவது ஒரு மீட்டர் வயர், முனையில் ஜெனரேட்டருக்கான 16 ஆம்ப் பிளக். பெட்டிக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக நியூட்ரலும் எர்த்தும் 2.5 ஸ்கொயர் துண்டால் சேர்க்கப்படுகின்றன. அதற்குப் பிறகு 10 ஆம்ப் டபுள் போல் எம்சிபி, பிறகு 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி, பிறகு நீல நிற 16 ஆம்ப் சாக்கெட். சேர்க்கை ஆர்சிசிபிக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் சுமை போட்டதும் ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கும். பெட்டியை ஜெனரேட்டர் கைப்பிடியோடு போல்ட்டும் சங்கிலியும் போட்டுக் கட்டியாயிற்று, கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போக வழியில்லை. 15 மீட்டர் வயருக்கு இரு முனையிலும் நீல இண்டஸ்ட்ரியல் பிளக். ஈபிக்கு மட்டும் சேர்க்கை இல்லாத ஒரு முழ அடாப்டர். பெட்டியில் உள்ள ஆர்சிசிபி, ஈரத்தில் கிடக்கும் நீண்ட வயரையும் பார்த்துக்கொள்கிறது. வண்டிக்குள் இருக்கும் ஆர்சிசிபியால் அது முடியாது.

கட்டி முடித்ததும் மீட்டர் பேஸ்-எர்த் 230, நியூட்ரல்-எர்த் சுழி காட்ட வேண்டும். கடைசிச் சோதனை மறுபடி அந்த 15 வாட் பல்புதான். வண்டிக்குள் பிளக் பாயிண்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் பிடித்தால் 65 மில்லிஆம்ப் ஓடப் பார்க்கும். 30இல் விழும் ஆர்சிசிபி பல்பு கண்ணைத் திறக்கும் முன் விழுந்துவிட வேண்டும். செருப்புக் கால், காய்ந்த தரை, உறை போட்ட ஹோல்டர். இதைப் பகலில் செய்யுங்கள்.

ஜெனரேட்டரைக் கழற்றிய பிறகு பேட்டரியில் ஓடும்போது நியூட்ரல் மறுபடி அந்தரத்துக்குப் போகும். இதற்கு எர்த் ரிலே உள்ள இன்வெர்ட்டர்-சார்ஜர் வாங்க வேண்டும். வெளிக் கரண்ட் போனதும் அதுவே நியூட்ரலை எர்த்தோடு சேர்க்கும், வந்ததும் பிரிக்கும். அதன் செட்டிங்கில் "இன்புட் கரண்ட் லிமிட்" என்று ஒன்று இருக்கும். அதை 7 ஆம்ப் என்று வைத்துவிட்டால், யாராவது மிக்ஸியைப் போடும்போது சார்ஜர் தானே குறைத்துக்கொள்ளும், ஜெனரேட்டர் மூச்சு முட்டாது.

எர்த் ராடு அடித்தால் போதாதா என்று எலெக்ட்ரீசியன்கள் கேட்பார்கள். தேரி (செம்மணல் மேடு) மணலில் ஒரு மீட்டர் ராடு அடித்தால் சில நூறு ஓம் சாதாரணம். 200 ஓம் என்றாலே 230 வோல்ட்டில் ஓடக்கூடியது 1.15 ஆம்ப், 10 ஆம்ப் எம்சிபி அதைக் கண்டுகொள்ளாது. மேலும் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் ஷார்ட் ஆனாலும் பெரிய கரண்ட் தராது, தன் அவுட்புட்டைத் தானே நிறுத்திக்கொள்ளும். எம்சிபி வயரைக் காக்கும், ஆளைக் காப்பது ஆர்சிசிபி.

ஊரில் கரண்ட் போய்விட்டால் இதே ஜெனரேட்டரை இரு முனையிலும் ஆண் பிளக் வைத்த வயரால் வீட்டுச் சாக்கெட்டில் செருகிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கரண்ட் மீட்டர் வழியாக லைனுக்குப் போகும். போஸ்டில் ஏறி நிற்கும் லைன்மேனைக் கொல்லும் வேலை அது. அப்படி ஒரு வயர் வீட்டில் இருந்தால் இன்றே வெட்டிப்போடுங்கள்.

எங்கே வைப்பது

2024 டிசம்பரில் கேரளத்தில், கோழிக்கோடு மாவட்டத்து வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், அதற்குமேல் எழுந்து கதவைத் திறக்கக் கை வராது. டிக்கிப் பெட்டியிலோ வண்டியின் அடியிலோ ஜெனரேட்டரை நிரந்தரமாகப் பொருத்தி ஓட்டுவதை இந்த வேலையில் எடுக்காததற்கு இதுவே காரணம். ஜெனரேட்டர் கீழே இறக்கி, விலக்கி வைத்துத்தான் ஓடும்.

எவ்வளவு விலக்க வேண்டும், எந்தப் பக்கம்? காற்றுக்குக் கீழே வைத்தால் போதும் என்பது பாதி உண்மை. வண்டியின் மேல் காற்று மோதும்போது மறுபுறத்தில் சுழல் ஒன்று உண்டாகி, அங்கே இருக்கும் புகையை வண்டியின் சுவருக்கே இழுத்துவரும். வண்டி உயரம் 2.7 மீட்டர் என்றால், அதன் மூன்று மடங்கு தூரம்வரை இந்தச் சுழலைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஆக 8 மீட்டருக்குக் குறையாமல், முடிந்தால் 10 மீட்டர். காற்றுக்கு நேர் கீழே அல்லாமல் சற்றே பக்கவாட்டில். சைலன்சர் வண்டிக்கு எதிர்ப்புறம் பார்க்க. 15 மீட்டர் வயர் வாங்கியது இதற்காகத்தான்.

நம் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றுத் திசையில் சந்தேகமே வராது. செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்காசிப் பக்கமும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கமும் மேல்காற்று (மேற்கிலிருந்து வருவது) அடித்து வீசும். ஜெனரேட்டர் வண்டிக்குக் கிழக்குப் புறம், கொஞ்சம் தெற்கோ வடக்கோ தள்ளி. காற்றாலை கண்ணுக்குத் தெரியும் இடமென்றால் இன்னும் எளிது. சுழலும் இறக்கைகள் காற்று வரும் பக்கத்தைத்தான் பார்த்து நிற்கும். அதற்கு எதிர்ப்பக்கம் வைக்க வேண்டியதுதான்.

கடற்கரையில் கவனம் அதிகம் வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் (மேற்கு, தென்மேற்கிலிருந்து வரும் காற்று) வீசும்போது இரவும் பகலும் ஒரே பக்கம். மற்ற மாதங்களில் உவரி, மணப்பாடு கரையில் பகலில் கடலிலிருந்து கரைக்கு வரும் காற்று, பொழுது சாய்ந்து மெல்ல அடங்கி, இரவில் கரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சரியாக வைத்த ஜெனரேட்டர், ஒன்பது மணிக்கு வண்டியை நோக்கிப் புகையைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். நடுவில் காற்று சும்மா நிற்கும் நேரம் ஒன்று உண்டு, ஆபத்து அதில்தான் அதிகம். அங்கே நான்கு மணிக்கே ஆரம்பித்து ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி ஜெனரேட்டருக்கும் வண்டிக்கும் நடுவில் நட்டுவைத்தால் புகை எங்கே சாய்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும்.

குற்றாலத்தில் சீசன் நேரத்து வண்டி நிறுத்தத்தில் ஓட்டவே கூடாது. உங்கள் வண்டியை விட்டுப் போகும் புகை அடுத்த வண்டிக்குத்தான் போகும்; அங்கே ஜன்னலைத் திறந்துபோட்டுக் குழந்தைகளோடு தூங்குவார்கள். வருகிற வழியில் திறந்த இடத்தில் நிறுத்திச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போகலாம். காரையாறு, முண்டந்துறைப் பக்கம் 1988 முதல் களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம். ஜெனரேட்டர் சத்தத்துக்கு அங்கே இடமில்லை, வனத்துறை சொல்வதுதான் அங்கே சட்டம்.

வண்டித் தரையில் உள்ள ஒவ்வொரு துளையையும் அடையுங்கள்: வயர் நுழையும் வாய், சிங்க் வடிகால், ஏசி தண்ணீர்க் குழாய், சீட் கழற்றிய போல்ட் ஓட்டை. சிலிக்கான் சீலண்ட் இரண்டு டியூப் ஆகும். வடிகாலுக்கு யூ வளைவு வைத்துத் தண்ணீர் நிற்க விடவும். உள்ளே பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று, படுக்கையில் தலை இருக்கும் உயரத்தில். இந்த வாயு காற்றின் எடையை ஒட்டியதுதான், கேஸ் போலத் தரையில் தங்காது. அதனால் கேஸ் அலாரம் இதற்கு உதவாது, தரையோடு பொருத்தவும் வேண்டாம். இஎன் 50291 தரத்து அலாரம் 50 பிபிஎம்மில் 60 முதல் 90 நிமிடத்துக்குள்ளும், 100இல் 10 முதல் 40 நிமிடத்துக்குள்ளும், 300இல் 3 நிமிடத்துக்குள்ளும் கத்தும். கத்தினால் முதலில் எல்லோரும் வெளியே, அப்புறம்தான் ஜெனரேட்டரை நிறுத்தப் போக வேண்டும்.

சாரலுக்கு நாலு கால் வைத்த தகரக் கூரை போதும், பக்கங்கள் நான்கும் திறந்தே இருக்கட்டும். தார்ப்பாயைப் போர்த்தினால் மிஷின் தன் சூட்டிலேயே வெந்துபோகும். பனை ஓலை, வைக்கோல், காய்ந்த புல் கிடக்கும் இடத்தில் வைக்காதீர்கள். சுற்றி ஒரு மீட்டர் தூரத்தைப் பெருக்கிவிட்டுக் கல்லின் மேல் வையுங்கள்.

பெட்ரோல்

பெட்ரோல் பங்குகளில் இப்போது கிடைப்பது இ20, ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். குற்றாலச் சாரலில் பாதி காலியான டேங்க் ஒரு மாதம் கிடந்தால் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கலாம். இன்ஜின் கையேட்டில் 10 சதவீத எத்தனால் வரைதான் என்று போட்டிருந்தால் இன்னும் எச்சரிக்கை. ஒவ்வொரு முறையும் நிறுத்தும்போது ஸ்விட்சை அணைக்காமல் பெட்ரோல் காக்கை மூடுங்கள். கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கட்டும்.

விற்பனைக்கல்லாத பெட்ரோலை 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளப் பெட்ரோலியச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் இறுக்கி மூடிய உலோகக் கலனில், ஒரு கலன் 25 லிட்டருக்கு மேற்படாமல். தண்ணீர் கேன், குளிர்பான பாட்டில் எதுவும் ஆகாது. 5 லிட்டர் இரும்பு கேன் ஒன்று போதும், அதுவும் ஆள் இருக்கும் கேபினுக்கு வெளியே. நிரப்புவதற்கு முன் இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் ஆறவிடவும்.

அடிக்கடி வரும் கோளாறுகள்

பத்து இருபது நிமிடம் நன்றாக ஓடி நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடுகிறது: டேங்க் மூடியின் காற்றுத் திருகு மூடியிருக்கிறது. வண்டியில் ஏற்றும்போது மூடியதைத் திறக்க மறந்திருப்பார்கள்.

கிளம்பவே மாட்டேன் என்கிறது, அல்லது சரிவில் வைத்ததும் நிற்கிறது: ஆயில் குறைந்தால் நிறுத்தும் சென்சார். முதலில் சமதரைக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் ஆயில் ஊற்றவும். 10டபிள்யூ-30 ஆயில், 0.4 லிட்டர் பக்கம் பிடிக்கும். புது மிஷினுக்கு முதல் 20 மணி நேரத்தில் மாற்றி, பிறகு 100 மணிக்கு ஒருமுறை.

இன்ஜின் ஓடுகிறது, கரண்ட் இல்லை, சிவப்பு விளக்கு எரிகிறது: ஓவர்லோடு. சுமையைக் கழற்றி, இன்ஜினை நிறுத்தி மறுபடி ஓட்டினால்தான் கரண்ட் வரும். சார்ஜ் ஆரம்பிக்கும்போது எக்கோ ஸ்விட்சை அணைத்து வையுங்கள். எக்கோவில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது திடீரெனச் சுமை ஏறினால் அது வேகம் பிடிப்பதற்குள் வோல்ட்டேஜ் விழுந்து, சார்ஜர் விட்டுவிட்டுப் பிடிக்கும்.

ஜெனரேட்டர் சரி, சார்ஜர் சரி, பேட்டரி மட்டும் ஏறவில்லை: பாளையங்கோட்டையில் வைகாசி மதியம் பூட்டி நின்ற வண்டி என்றால் பேட்டரிச் சூட்டைத் தொட்டுப் பாருங்கள். செல் வெப்பம் வரம்பைத் தாண்டினால் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) சார்ஜை மறுக்கும். பல பேட்டரிகளில் அந்த வரம்பு 45 முதல் 55 டிகிரிக்குள். கதவுகளை அரை மணி நேரம் திறந்துவிட்டு, பேட்டரிப் பெட்டிக்கு ஒரு சின்ன 12 வோல்ட் பேன் வைக்கவும்.

சுமை ஏறினால் கறுப்புப் புகை, இழுவை இல்லை: ஏர் பில்டர். குதிரைமொழித் தேரிப் பக்கம் போய்வந்தால் அந்தச் செம்மண் பொடி நுரை பில்டரை ஒரே நாளில் அடைக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டவும். பில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் சிலிண்டர் தேயும்.

சுமை இல்லாமல் இன்ஜின் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடுகிறது. சோக்கைப் பாதி இழுத்தால் சரியாகிறது: பைலட் ஜெட்டில் அடைப்பு, கிட்டத்தட்ட எப்போதும் பழைய பெட்ரோலின் வேலை. கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் நிற்கும் தண்ணீரையும் பிசினையும் துடைத்து, ஜெட்டை வெளியே எடுத்து கார்ப் கிளீனர் அடிக்கவும். துளையைக் குத்த ஊசி வேண்டாம், ஊசி துளையைப் பெரிதாக்கிவிடும். பிளெக்ஸிபிள் வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை போதும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். மாட்டும்போது கிண்ணத்தின் ரப்பர் வளையம் எத்தனாலில் ஊதியிருந்தால் பழைய காடியில் உட்காராது. புதிதாக ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கழற்ற ஆரம்பியுங்கள்.